மூன்றாவது பத்தியில் எழுதியவை

கோவிந்தராஜுவின் குடும்பத்தார் அப்போது ஒன்றை உறுதியாக நம்பினார்கள். பெரியவருக்கு நினைவு தப்பிவருகிறது என்பது ஏதாவது ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால் அன்றோடு அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகும் என்பதே அந்த நம்பிக்கை. யார் சொன்னது என்று நான் பிறகு கேட்டபோது மகன் மனோகருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வங்கி வரிசையில் யாரோ யாரிடமோ பேசியது காதில் விழுந்ததாம். காதில் விழுந்த அந்த ஒரு வாக்கியத்தின் மேல் மூன்று பேருடைய வாழ்க்கை இரண்டு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் பணியாற்றிய பிரிவிலிருந்து சென்ற மாதம் இரண்டு இளம் சமூகப்பணியாளர்கள் வந்திருந்தார்கள். மறதி நோய் கண்டவர்களைப் பராமரிப்பதால் சமூகத்துக்கு ஆகும் செலவை அளக்கும் ஆய்வு ஒன்றைத் தொடங்குகிறார்கள். கையில் அழகாக அச்சிட்ட படிவம் இருந்தது. மருந்து, பரிசோதனை, ஆட்டோ வாடகை, மருத்துவமனைப் படுக்கை என எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘குடும்பத்தினரின் நேரம்’ என்று ஒரு சிறிய கட்டம். பக்கத்திலேயே ‘தெரிந்தால் நிரப்பவும்’ என்று ஒரு குறிப்பு.

“உங்க காலத்துல இதெல்லாம் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, இல்ல மேடம்?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

பார்த்தோம் என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என் தந்தை அஞ்சல் துறை வேலையாக மைசூருக்கு வந்தவர். நான் பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் படித்து வளர்ந்தவள். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம், சென்னையில் ஓராண்டுப் பயிற்சி, பின்னர் மைசூரின் ஒரு பெரிய மருத்துவமனையில் மனநலப் பிரிவு. என் முன்கதை இவ்வளவுதான். வேலையை நான் கற்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டாக்டர் ஊர்மிளாவின் அறையில்.

டாக்டர் ஊர்மிளா குள்ளமானவர், குரலை உயர்த்தாதவர், பென்சிலால் மட்டுமே குறிப்பெழுதுபவர். நோயாளியை அழைத்து வருபவர்கள் உட்கார்ந்ததும் தம் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிக்கொள்வார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“காலையில எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?”

நோயாளியைக் கேட்பதாக எண்ணி, “அப்பா இன்னைக்கு ரெண்டு இட்லி…” என்று தொடங்குவார்கள்.

“அப்பாவைக் கேக்கலை. நீங்க எப்போ சாப்பிட்டீங்க?”

பெரும்பாலோருக்குப் பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனை எவ்வளவு நேரம் நீண்டது என்பதை டாக்டர் தாளின் ஓரத்தில் சின்னக் கோடுகளாகப் போட்டுக்கொள்வார். நான் எழுதிய படிவத்தில் குறை இருந்தால் திட்டமாட்டார். படிவத்தை இரண்டாக மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மடித்த படிவம் என்றால் திரும்பப் போய்க் கேள் என்று பொருள். முதல் ஆறு மாதங்கள் என் மேசையில் மடிக்காத படிவம் அபூர்வமாகவே இருந்தது.

அவரே வகுத்த ஒரு முறையும் எங்கள் பிரிவில் இருந்தது. அதற்கு நாள் தாள் என்று பெயர். இடது ஓரத்தில் காலை ஆறு மணி முதல் மாலை வரை நேரம் எழுதியிருக்கும். அதற்கு வலப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று பத்திகள். முதல் பத்தியில் அந்த நேரத்தில் நோயாளி என்ன செய்தார் என்று எழுத வேண்டும். இரண்டாவதில் யார் உடன் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். மூன்றாவது பத்திதான் டாக்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு: உடன் இருந்தவர் அந்த நேரத்தில் செய்யாமல் விட்ட வேலை எது என்று அதில் எழுத வேண்டும். நாங்கள் ஒரு முழு நாள் வீட்டில் இருந்து இதை நிரப்ப வேண்டும். கேட்டு எழுதக் கூடாது, பார்த்து எழுத வேண்டும். மூன்றாவது பத்தியை மட்டும் கேட்டு எழுதலாம், ஏனென்றால் நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது.

“ஒருத்தருக்கு மறதி வந்தா இன்னொருத்தர் வேலை போகுது. முதல் ஆளோட பேரு நம்ம ரெஜிஸ்டர்ல இருக்கு. ரெண்டாவது ஆளோட பேரு எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு, பத்மா?” என்று ஒருமுறை கேட்டார். அவர் கன்னடத்தில் கேட்டதை இங்கே தமிழில் தருகிறேன்.

கோவிந்தராஜு எங்களிடம் வந்தது ஒரு தசரா விடுமுறையில். ஊர் முழுக்க விளக்கும் கூட்டமுமாக இருக்கும் அந்த நாட்களில் எங்கள் வெளிநோயாளர் வரிசை மட்டும் இளைத்திருக்கும். அவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. எழுபது வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. கொதிக்கும் பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியிருக்கிறார். புண்ணுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பில்லாததைக் கவனித்து எங்களிடம் அனுப்பியிருந்தார்.

“இது என்ன மாசம் சார்?” என்று கேட்டேன்.

“டைம்டேபிள் மாறியிருக்கும்மா. பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார் மிகுந்த கண்ணியத்தோடு.

மனோகருக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. “நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள கை சரியாயிடுமா? பேங்க்ல லைஃப் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடணும். அது போதும். வேற எதையும் சும்னே எழுதிடாதீங்க மேடம், ப்ளீஸ்.” கன்னடத்தில் சும்னே என்றால் காரணமில்லாமல் என்று பொருள், அந்தப் பேச்சில் பயம்தான் அதிகம் கேட்டது.

கூட மருமகள் வசந்தி வந்திருந்தார். பெரியவர் பிறந்த ஆண்டைச் சொன்னதும் நான் எழுபத்தொன்று என்று எழுதப்போனேன். “எழுபது மேடம். பிறந்த நாள் டிசம்பர்ல” என்று வசந்தி உடனே திருத்தினார். பராமரிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “வீட்டுலதான் இருக்கேன்” என்றார். நான் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் படிவம் மடிந்து மேசைக்கு வந்துவிட்டது. அவர்கள் அதற்குள் வெளியே போயிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் போய்ப் பிடித்தேன். மனோகர் தந்தையை நிழலில் உட்காரவைத்திருந்தார்.

“வசந்தி, இதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தீங்க?”

“டீச்சர். கவர்ன்மென்ட் ஹைஸ்கூல்ல மேத்ஸ்.”

“இப்போ?”

“சம்பளமில்லாத லீவு. ஸ்கூல் திறக்கிற அன்னைக்கு முடியுது. இனிமே நீட்டிக்க மாட்டாங்க.”

“அப்புறம்?”

கைப்பையைச் சற்றே திறந்தார். உள்ளே ஒரு நீளமான வெள்ளை உறை. “ராஜினாமா எழுதிட்டேன். தேதி மட்டும்தான் போடல.”

பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

அன்று மாலைக்குள் எனக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஆள் வெளியே பேசுவார். பக்கத்து வீட்டாரை நம்பக் கூடாது. பழைய ரயில்வே நண்பர்கள் வந்தால், அப்பா சென்னைக்குப் போயிருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லியனுப்ப வேண்டும். ஆகவே பெரியவரோடு இருக்கக் கூடியவர் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் மட்டும்தான். ஓய்வூதியத்தைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய சம்பளம் ஒன்றைக் கைவிடத் தயாராக இருந்தார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. வசந்திக்கு அது தொழில். ஓய்வூதியம் பெரியவருடைய உழைப்புக்கு வந்த பணம், அதை நம் கையால் நிறுத்தினோம் என்ற பேச்சு வரக் கூடாது என்பதுதான் இருவருக்கும் இருந்த ஒரே எண்ணம்.

நாள் தாள் எழுத வருகிறேன் என்றதும் மனோகர் மறுத்தார். “ஆஸ்பத்திரி ஆளு வந்தா தெருவே கேக்கும் மேடம்.” வசந்தியின் பள்ளித் தோழியாக வருகிறேன் என்றேன். அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு, நோட்டை மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு பையில் போட்டுக்கொண்டு, அக்ரஹாரத்துச் சந்துகள் வழியாக விடியற்காலையில் நடந்தே போனேன். கதவைத் திறந்த வசந்தி, தெருவின் காதில் விழும்படி, “வாங்கக்கா, எத்தனை நாளாச்சு!” என்றார். அன்று தொடங்கிய அக்கா இன்றுவரை மாறவில்லை.

ஆறேகால் மணிக்குப் பெரியவர் எழுந்து, பணிக்குப் போகக் கொடிகளைத் தேடினார். அரை மணி நேரம் வசந்தி கூடவே தேடினார். இல்லாத கொடியைத் தேடுவதை நிறுத்தச் சொன்னால் கோபம் வரும், கூடத் தேடினால் களைத்து உட்காருவார் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஏழு மணிக்குக் குளியல். கட்டுப் போட்ட கை நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை கட்டுவதற்கு மட்டும் இருபது நிமிடம். எட்டு மணிக்கு உணவு. எட்டரைக்கு, இன்னும் சாப்பிடவில்லை என்ற புகார்.

ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் பயிற்சி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வெறும் தாளை நீட்டினால் கோவிந்தராஜு கையெழுத்துப் போடமாட்டார். “டைம் போடாம எப்படிம்மா சைன் பண்றது?” என்பார். கார்டு வாழ்நாள் முழுவதும் எழுதியது வண்டி வந்த நேரமும் புறப்பட்ட நேரமும்தான். நேரம் இருந்தால்தான் அதன் கீழே பெயர் வரும். வசந்தி இதைக் கண்டுபிடித்திருந்தார். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, வண்டி, வருகை, புறப்பாடு என்று தலைப்பிட்டு, ‘அரசிகெரே பாசஞ்சர்’ என எழுதி நேரத்தை நிரப்பி நீட்டுவார். பெரியவர் கடிகாரத்தைப் பார்ப்பார், தலையசைப்பார், கையெழுத்திடுவார். இரண்டு ஆண்டுகளாக, ஒரு நாள் தவறாமல். அன்று கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல்களுக்கிடையே பேனாவைச் சொருகி, வலியில் உதட்டைக் கடித்தபடி, பெயரின் முதல் எழுத்தை மட்டும் இழுத்தார். வசந்தி தாளை நகர்த்திவிட்டு, “போதும் மாமா, வண்டி போயிடுச்சு” என்றார்.

ஒவ்வொரு மணிக்கும் மூன்றாவது பத்திக்காகக் கேட்டேன்: ஸ்கூல் இருந்தா இந்நேரம் என்ன செஞ்சிட்டிருப்பீங்க? வசந்தி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“பத்து அஞ்சா? டென்த் பி. டிரிக்னாமெட்ரி.” துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்.

“பதினொண்ணு?”

“நைன்த் ஏ. ஆனா அந்த கிளாஸ்ல பாதி பேருக்குப் பின்னமே வராது. முதல்ல அதைத்தான் நடத்தணும்.”

“உங்களுக்குப் பதிலா யார் வந்திருக்காங்க?”

“யாரும் வரல. பி.டி. மாஸ்டர் உக்காந்திருக்கார். அவருக்குக் கணக்கு பேடா, கபடி போதும்.” வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு அன்று முதன்முறையாகச் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. “மார்ச்ல எக்ஸாம்க்கா. என் மூணு கிளாஸும் அவுட்.”

மதியத்துக்குப் பிறகு அந்தப் பத்தியை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். அது ஓர் உயர்நிலைப் பள்ளியின் கால அட்டவணையாக இருந்தது. ஆசிரியர் பெயருக்குரிய இடம் மட்டும் காலி.

மூன்று மணிவாக்கில் மனோகர் ஆலையின் முதல் ஷிப்டிலிருந்து வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் தந்தையின் கால்களைக் கழுவி, நகம் வெட்டிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் ஆள் வைப்பதைப் பற்றிப் பேச்செடுத்ததும் குரல் இறுகியது.

“ஆள் வெச்சா மாசாமாசம் காசு மேடம். இவ வீட்டுல இருந்தா என்ன செலவு?”

வசந்தி சமையலறைக்குள் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் முதல் பத்தியைப் படித்தார், அது அவருக்குத் தெரிந்ததுதான். இரண்டாவதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவதை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். டென்த் பி. நைன்த் ஏ. டென்த் ஏ. மீண்டும் டென்த் பி. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

“என் தாள் எங்க?”

என் முப்பதாண்டுப் பணியில் என்னைத் திருத்திய கேள்விகளில் அது முதன்மையானது. நான் அவருக்கென ஒரு தாள் கொண்டுவரவே இல்லை. பராமரிப்பவர் பெண், சம்பாதிப்பவர் ஆண் என்று நானும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். நோட்டைத் திறந்து புதிய பக்கத்தில் மூன்று பத்திகளை வரைந்தேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆலையில் மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு முறை அழைத்தார்கள். போனால் மூன்று மாதம் வெளியூரில் பயிற்சி, அதன்பின் மாலை ஆறு மணிவரை வேலை. இரண்டு முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சமையலறை வாசலில் வசந்தி நின்றிருந்தார். “எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“சொன்னா நீ அன்னைக்கே அந்த லெட்டர்ல தேதி போட்டிருப்பே.”

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “காபி வருமா, நான் டூட்டிக்குப் போகவா?” என்றார். எல்லாருக்கும் காபி வந்தது.

மறுநாள் மனோகரும் நானும் வங்கிக்குப் போனோம். மேலாளர் கன்னடக்காரர், வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு நாங்கள் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். கையெழுத்துப் போட முடியாதவருக்குக் கைநாட்டும் சாட்சிகளும் போதும். வர முடியாதவரை வங்கி ஆள் வீட்டுக்கே வந்து பார்க்கலாம். புத்தி தடுமாறியவருக்குப் பொறுப்பாளர் ஒருவரை ஏற்படுத்தவும் வழி இருக்கிறது; அதற்கு வேண்டியது மருத்துவரின் சான்று.

“அப்போ பென்ஷன் நிக்காதா சார்?” மனோகர் மறுபடியும் கேட்டார்.

“அரே ஸ்வாமி, மறதிக்காகப் பணத்தை நிறுத்தறதா இருந்தா முதல்ல என் கேஷியருக்குத்தான் நிறுத்தணும்” என்றார் மேலாளர். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கேஷியர் சிரித்தார். “இத்தனை வருஷமா இந்த சீட்ல இருக்கேன். நீங்கதான் முதல்ல கேக்கறீங்க. எல்லாரும் பயந்துக்கறாங்க, யாரும் கேக்கறதில்லை.”

டாக்டர் ஊர்மிளா சான்றிதழைப் பேனாவால் எழுதினார். அவர் மேசையில் பேனா இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ‘டிமென்ஷியா’ என்ற சொல்லை அவர் எழுதி முடிக்கும்வரை மனோகர் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவர் செஞ்ச சர்வீஸுக்குத்தான் பென்ஷன். அதை அவர் மறந்தாலும் செஞ்சது செஞ்சதுதான்” என்று சொல்லிக் கையெழுத்திட்டார் டாக்டர்.

இனி ஆள் வைக்கலாம். யாரை? நான் ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டிருந்தபோது வசந்தி தாமே முடிவெடுத்துவிட்டார். அவர்கள் தெருமுனையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மணல் சுமந்த மாதம்மாள், காவேரிக் கரையில் காட்டை ஒட்டியிருக்கும் கோபிநத்தத்திலிருந்து கணவரோடு வேலை தேடி வந்தவர். வயது நாற்பது இருக்கும். குடிக்கத் தண்ணீர் பிடிக்க இவர்கள் வீட்டுக் குழாய்க்குத்தான் வருவார். பெரியவர் ஒருமுறை வாசலைத் தாண்டி வெளியே போனபோது தெருக்கோடிவரை அவர் பின்னாலேயே நடந்து, பேசிப் பேசியே திருப்பிக் கூட்டிவந்தவர் அவர்தான்.

“ஏனுங்க டீச்சரம்மா, மணல் சுமக்கறதுக்கு ஒரு சாமியோட பேசிக்கிட்டு உக்காந்திருக்கறது தேவலைங்களே” என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் மட்டும் கேட்டார்: “அந்தம்மாவோட தாள்?”

நான் மறுபடியும் ஒரு தாளோடு போனேன். கட்டடத்தின் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து மாதம்மாள் சொன்னதை எழுதினேன். ஊரில் தாய்க்குக் கண் தெரியாது. “தங்கச்சி கூட இருந்து பார்த்துக்கறாளுங்க. முந்தி தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிட்டிருந்தா. இப்பப் போறதில்லீங்க. நான் அனுப்பறதுலதான் ரெண்டு பேருக்கும் சோறுங்க.”

டாக்டர் அந்தத் தாளைப் படித்துப் பார்த்தார். “செலவு குறையலை, பத்மா. மைசூர்ல இருந்து கிளம்பிக் காட்டோரத்துக்குப் போயிருக்கு. தங்கச்சி பேரையும் எழுது.”

எழுதினேன். மணல் சுமக்கக் கிடைத்த கூலியையே கொடுக்கலாம் என்று எண்ணியிருந்த மனோகரிடம் அந்தத் தாளையும் காட்டினேன். “இன்னும் எத்தனை தாள் வெச்சிருக்கீங்க மேடம்?” என்று முணுமுணுத்தார். ஆனால் தங்கையின் கூலியும் உள்ளே அடங்கும்படி சம்பளத்தை உயர்த்தினார். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றும் பேசி முடித்தார்கள். பெரியவரை நன்றாகப் பார்த்துக்கொள்ள அதைவிட உறுதியான ஏற்பாடு இல்லை என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

பள்ளி திறந்த நாளன்று காலையில் நான் அங்கே போனது பணிக்காக அல்ல. எட்டேமுக்காலுக்கு வசந்தி இஸ்திரி போட்ட சேலையில், தோளில் பையோடு வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியவரும் பணிக்குக் கிளம்பிவிட்டார். கட்டு அவிழ்த்த கையில் ஒரு பச்சைத் துண்டு. மாதம்மாள் கதவருகே நின்றார்.

“நீ யாரு?” என்று அதட்டினார் கோவிந்தராஜு.

“மாதம்மாளுங்க சாமி.”

“நகரு. வண்டி நிக்குது.”

யாரும் சொல்லிக் கொடுக்காத பதில் ஒன்று மாதம்மாளிடமிருந்து வந்தது. “வண்டி நிக்குதுங்க சாமி. ஆனா ஆளு ஏறலீங்களே.”

பெரியவர் திரும்பினார். வாசற்படியில் பையோடு நின்ற வசந்தியைக் கண்டார். போகவும் முடியாமல் உள்ளே திரும்பவும் முடியாமல் அவர் நின்றிருந்தார். அந்த நிமிடம் வசந்தி வீட்டுக்குள் திரும்பியிருந்தால் மறுநாளும் திரும்பியிருப்பார். உறைக்குள் இருந்த கடிதத்தில் தேதி ஏறியிருக்கும். எனக்கு அது தெரியும்.

“ஏம்மா, என்ன பார்த்துட்டு நிக்கறே? லேட் ஆகுது பாரு” என்றார் கோவிந்தராஜு, முப்பது ஆண்டுகள் நடைமேடையில் பயணிகளை விரட்டிய குரலில். “ஏறு, ஏறு.”

வசந்தி படியிறங்கி நடந்தார். சந்தின் திருப்பம்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் பச்சைத் துண்டை உயர்த்திக் காட்டினார். பிறகு மிகவும் திருப்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்து, மாதம்மாளிடம் காபி கேட்டார். முதல் பாடவேளைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக வசந்தி பிற்பகலில் தொலைபேசியில் சொன்னார். டென்த் பி பிள்ளைகள் கைதட்டினார்களாம். பி.டி. மாஸ்டர் அவர்களைவிடப் பலமாகத் தட்டினாராம்.

நான் சேகரித்த நாள் தாள்களை ஒரு கட்டாகச் சேர்த்து டாக்டர் ஊர்மிளா மேலிடத்துக்கு அனுப்பினார். படிவத்தில் இதற்கு இடமில்லை என்ற குறிப்போடு அவை திரும்பி வந்தன. அவர் சோர்ந்துபோகவில்லை. எங்கள் பிரிவின் படிவத்தை அந்த வாரமே மூன்றாவது பத்தியும் சேர்த்து மாற்றினார். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் படிவம் அப்படியே இருந்தது. அரசு செலவு செய்து பயிற்றுவித்த ஓர் ஆசிரியர் வகுப்பில் இல்லாதது, ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் உருவாகாமல் போனது, ஒரு தோட்டத்தில் ஒரு பெண்ணின் கூலி நின்றது ஆகிய மூன்றும் ஒரே நோயின் செலவு. மருந்துச் சீட்டில் இவற்றில் ஒன்றுகூட வராது. என்னைத் தேடி வந்த இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தை முதல் பக்கமாக வையுங்கள். ‘தெரிந்தால்’ என்பதை எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் போய் ஒரு நாள் உட்காருங்கள்.

கோவிந்தராஜு அதன்பின் ஐந்து ஆண்டுகள் இருந்தார். கடைசி ஆண்டில் மகனையும் மருமகளையும் அவருக்குத் தெரியவில்லை. மாதம்மாளின் குரலுக்கு மட்டும் தலை திரும்பும். ஆலையில் மூன்றாவது முறை அழைத்தபோது மனோகர் பயிற்சிக்குப் போய் மேற்பார்வையாளர் ஆனார். வசந்தி அதே பள்ளியில் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றார். டாக்டர் ஊர்மிளா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கோபிநத்தத்துத் தாயும் இல்லை. அக்ரஹாரத்துக்கு அருகிலுள்ள அந்த வீட்டில் இப்போது மனோகரும் வசந்தியும் இருவராக இருக்கிறார்கள். மாதம்மாள் தங்கையைத் தன்னோடு மைசூருக்கு அழைத்து வந்துவிட்டார். அன்று நின்ற கூலி வேலைக்குத் திரும்பாமல் தங்கை வீட்டில் இருக்கிறார். மாதம்மாள் இன்னும் வேலைக்குப் போகிறார், வேறொரு தெருவில், வேறொரு பெரியவரிடம்.